வேர் வெள்ளையா இருக்கா?

மாடி வீட்டுத் தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றான். முகம், துக்கம் சொல்ல வந்தவன் முகம் மாதிரி இருந்தது. “எல்லாம் அழுகிப் போச்சுக்கா. வாங்கிப் பத்து நாள்தான் ஆகுது” என்றான். கவருக்குள் பழுப்பும் கறுப்புமாகக் கூழ். புதிதாக வாங்கிய மீன்தொட்டிக்காக ஆன்லைனில் வரவழைத்த செடியாம். கூரியரோடு சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய்.

உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் கூழை ஒரு வடிகட்டியில் கொட்டி அலசினேன். இலை ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு தண்டும், அதிலிருந்து வெள்ளை வெளேரென்று வேர்களும் இருந்தன. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. “இது சாகலப்பா. வேர் வெள்ளையா இருக்கு பாரு. திரும்ப நட்டு வை” என்றேன். நம்பவில்லை. அவன் நம்பும்படி சொல்லி முடிக்க இரண்டு டீ ஆனது. அன்று சொன்னதைத்தான், கொஞ்சம் விட்டதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

அவன் வாங்கியது கிரிப்டோகோரைன் வென்டி. இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செடி. 1958இல் டி விட் என்ற டச்சுத் தாவரவியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். நம் பக்கத்திலும் அதன் பங்காளி உண்டு. கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் என்ற செடியின் கிழங்குதான் சித்த மருத்துவத்தில் நாட்டு அதிவிடயம். ஓடைக்கரையிலும் வயல் சேற்றிலும் வாழ்கிற சாதி இது. மழைக்கு முங்கிக் கிடக்கும், கோடையில் சேற்றில் தலை நீட்டி நிற்கும். சூழ்நிலை மாறினால் இருக்கிற இலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வந்த சூழ்நிலைக்கு ஏற்ற இலையை விடுவது அதன் பிறவிக் குணம். தண்ணீர் மாறினாலும் மாற்றும், வெளிச்சம் மாறினாலும் மாற்றும். பிடுங்கி நான்கு அங்குலம் தள்ளி நட்டால்கூடக் கோபித்துக்கொண்டு இலையை உதிர்க்கும். மூன்று நான்கு வாரம் கை வைக்காமல் விட்டால் நடுவிலிருந்து பென்சில் முனை மாதிரி புது இலை வரும். நம் ஆட்கள் பத்தாம் நாளே பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். இந்தச் செடி சாவதற்குப் பெரும்பாலும் காரணம் அவசரம்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விற்பனைக்கு வரும் தொட்டிச் செடிகளில் பல, தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல. பண்ணையில் வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அவர்கள் செய்வது தப்பில்லை. தண்ணீருக்குள் கரியமில வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. காற்றில் வளர்த்தால் செடி மளமளவென்று வளரும், பாசி ஒட்டாது, நத்தை வராது, பெட்டியில் வைத்து அனுப்பவும் தோது. ஆனால் காற்றில் முளைத்த இலைக்கு மேல்தோல் தடிப்பு, மெழுகுப் பூச்சும் உண்டு. தண்ணீருக்குள் அந்த இலை மூச்சு முட்டிப் போகும். செடி அதைக் கைவிட்டு, மெல்லிசாக, சில சமயம் வேறு வடிவத்திலேயே புது இலை விடும். ஒரே செடியின் நிலத்து இலையையும் நீர் இலையையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு செடி என்றுதான் சொல்வீர்கள்.

அதனால்தான் கடைச் செடியைவிடப் பக்கத்து வீட்டுச் செடி மேல் என்கிறேன். காசுக்காகச் சொல்லவில்லை. என் தொட்டியில் வளர்ந்தது ஏற்கெனவே நீர் இலை விட்டது. இந்தத் தெருத் தண்ணீரைக் குடித்துப் பழகியது. போன மே மாதத்தைத் தாண்டியது. மாடிக்குப் போனால் அதற்கு ஊர் மாறிய மாதிரியே இருக்காது. கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகளுக்கு நானும் போகிறவள்தான், மீனுக்கு. செடிக்கு முதலில் அக்கம்பக்கத்தைக் கேளுங்கள். தொட்டி வைத்திருப்பவர்கள் மாட்டேன் என்று சொல்வது அபூர்வம். அவர்கள் வேறு வழியில்லாதவர்கள். மாதம் ஒரு முறை வெட்டாவிட்டால் செடி மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைத்து, அடியில் இருக்கிற இலை எல்லாம் மஞ்சளாகி, மீன் ஓட இடமில்லாமல் போகும். வெட்டியதை என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய கவலை. மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பார்களே, அந்தச் சிரமம்கூட இங்கே வேண்டாம்.

எதை எப்படி வெட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. எல்லாச் செடிக்கும் ஒரே கத்தரி போட முடியாது.

தண்டுச் செடிகள் சுலபம். ஹைக்ரோஃபிலா என்ற பெயரில் கிடைப்பதெல்லாம் நம் வரப்போர நீர்முள்ளிக்குத் தாயாதிகள். பக்கோபா என்று விற்பதில் ஒரு வகை சாட்சாத் நீர்ப்பிரமியேதான். ரோட்டாலாவும் ஆசியச் செடிதான். இவற்றில் ஒரு தண்டை எடுத்துக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். வேர் விடுவது கணுவிலிருந்துதான். உள்ளங்கை நீளத்துக்கு நுனித் துண்டு, அதன் அடி இரண்டு கணு இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு மணலில் செருகினால் போதும், ஒரு வாரத்தில் வேர் பிடிக்கும். தொட்டியில் மிஞ்சிய அடித்தண்டு வெட்டுவாயின் பக்கத்திலிருந்து இரண்டு கிளை விடும். நுனியைக் கொடுத்துவிட்டு அடியை வைத்துக்கொள்வது என் பழக்கம். சிலர் நேர்மாறாக, நல்ல நுனியைத் தங்களுக்கு நட்டுக்கொண்டு கீழ்க்கட்டையை ஊருக்குத் தானம் செய்வார்கள். புதிதாக ஆரம்பிப்பவனுக்குக் கட்டையைக் கொடுத்தால் அவன் இரண்டே வாரத்தில் இந்த ஆசையையே விட்டுவிடுவான். கொடுப்பதை நல்லதாகக் கொடுங்கள்.

கொத்தைக் கொத்தாகவே ரப்பர் பேண்டோடு நடக்கூடாது என்பதையும் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. கட்டுக்குள் நசுங்கிய தண்டு அழுகும். பிரித்து, ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

வாலிஸ்நேரியாவுக்குக் கத்தரிக்கோலே வேண்டாம் என்பேன். ரிப்பன் போன்ற நீள இலை. அறுகம்புல் மாதிரி ஓடுதண்டு விட்டுக் கிளம்பி, சாண் தூரத்துக்கு ஒரு குட்டி வைத்துக்கொண்டே போகும். குட்டிக்கு நாலைந்து இலையும் சொந்த வேரும் வந்த பிறகு கொடியை அறுத்து எடுத்துக் கொடுக்கலாம். நடும்போது இலையும் வேரும் சேரும் வெண்மையான இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்தால் அழுகும்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வேறு கதை. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது அனுபியாஸ். ஆற்றுப் பாறையையும் விழுந்த மரத்தையும் பிடித்து வளர்கிற செடி அது. இஞ்சித் துண்டு மாதிரி கிடைமட்டமாக ஓடும் தண்டை மண்ணில் புதைத்தால் செத்துவிடும். நூலால் கல்லிலோ கட்டையிலோ கட்டிவிட வேண்டும். கொடுப்பதற்கு நறுக்கும்போது ஒரு துண்டில் மூன்று நான்கு இலையாவது இருக்கட்டும். மாதத்துக்கு ஓர் இலை விட்டாலே அதற்குப் பெரிய வேகம். ஜாவா ஃபெர்ன் தன் பழைய இலையின் முதுகிலேயே குஞ்சு பொரிக்கும். குட்டிச் செடி வேரோடு இலையில் தொங்குவதைப் பார்த்து, நோய் வந்துவிட்டது என்று அந்த இலையைக் கிள்ளிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அதில் ஒருத்தி.

எனக்குப் பிரியமானது கொட்டி. குளம் வற்றினால் பறவைகள் பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே கிடக்கும் என்று மூதுரையில் ஒளவை சொன்னாளே, அதே கொட்டி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது அது என்ன செடி என்று எந்த டீச்சரும் காட்டவில்லை. தாவரவியலில் அதற்கு அப்போனோஜெட்டன் என்று பெயர். அதன் இலங்கை, மடகாஸ்கர் உறவினர்கள் அக்வேரியம் கடைகளில் கிழங்காகக் கிடைப்பார்கள். குளம் வற்றினாலும் சேற்றுக்குள் கிழங்கு உயிரோடு உறங்குகிறது, தண்ணீர் வந்ததும் முளைக்கிறது. பாட்டில் உள்ள உவமை அப்படியே செடியின் வாழ்க்கை. தொட்டியிலும் இந்தச் சாதி பலவும் அதையே செய்யும். சில மாதம் அலை அலையாக இலை விட்டு, தண்ணீருக்கு மேலே கதிர் நீட்டிப் பூத்துவிட்டு, ஒரு நாள் இலையை உதிர்த்துப் படுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாத ஓய்வு. கிழங்கு கெட்டியாக இருக்கும்வரை தூக்கி எறியாதீர்கள்.

இவ்வளவு சொன்னதும் தம்பி கேட்டான், “கலர்கலரா பிளாஸ்டிக் செடி கிடைக்குதேக்கா, எதுக்கு இந்தப் பாடு?” நியாயமான கேள்வி. அதற்குப் பதிலை லண்டனில் ஒரு வேதியியலாளர் ரொம்ப நாள் முன்பே சொல்லிவிட்டார். ராபர்ட் வாரிங்டன் என்று பெயர். 1849இல் 12 காலன் தொட்டி ஒன்றில் இரண்டு தங்க மீனும் வாலிஸ்நேரியாவும் வைத்தார். மீனின் கழிவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் வாலிஸ்நேரியாவின் பழைய இலை அழுகித் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. ஐந்தாறு குளத்து நத்தைகளைப் பிடித்து விட்டார். அவை அழுகல் இலையைத் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதைக் கட்டுரையாக்கினார். நாலு வருடம் கழித்து பிலிப் காஸ் என்பவர் எழுதிய புத்தகத்தால்தான் அக்வேரியம் என்ற சொல்லே ஊருக்குள் பரவியது. ஃபில்டரும் மோட்டாரும் வருவதற்கு முன்னால் மீன்தொட்டியை நடத்திக் காட்டியது செடிதான். மீன் வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கு விஷம், செடிக்கோ விரும்பிச் சாப்பிடும் உரம். பிளாஸ்டிக் செடி இதில் எதையும் செய்யாது. பாசி பிடித்தால் பிரஷ் போட்டுத் தேய்க்கும் வேலைதான் மிச்சம்.

செடி பிழைக்க என்ன வேண்டும் என்றால், அமேசானில் விற்கிற பாட்டில்கள் அத்தனையும் வேண்டியதில்லை. எல்இடி விளக்கை ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம், டைமர் போட்டு எரியவிடுங்கள். தொட்டி அழகாக இருக்கிறது என்று ராத்திரி பதினொரு மணிவரை எரியவிட்டால் செடிக்கு முன்னால் பாசிதான் வளரும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும் அப்படித்தான். அடியில் சலித்த தோட்டத்து மண் ஓர் அங்குலம், அதற்கு மேல் மணல் ஓர் அங்குலம். சாணி எரு கலக்காத மண்ணாக இருக்க வேண்டும். இந்த முறையை டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999இல் ஒரு புத்தகமாகவே எழுதி, செலவில்லாத தொட்டிக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தார். ஜப்பானின் தகாஷி அமானோ இன்னொரு பாதை. கரியமில வாயு சிலிண்டர், பலத்த வெளிச்சம், புல்வெளியும் மலையுமாகத் தொட்டிக்குள் ஒரு நிலக்காட்சி. பார்க்கக் கண்கொள்ளாது. நம் பர்ஸும் கொள்ளாது.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் பயம். மெட்ரோ தண்ணீரில் குளோரின், போர்த் தண்ணீரில் உப்பு. குளோரின் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தாலோ, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டாலோ போதும். போர்த் தண்ணீரின் கடினத்தன்மையை எல்லாச் செடியும் வெறுப்பதில்லை. கரியமில வாயு கிடைக்காதபோது தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரியை உரித்தெடுக்கும் திறமை வாலிஸ்நேரியாவுக்கும் ஹைட்ரில்லாவுக்கும் உண்டு. வாளி விளிம்பில் வெள்ளை கட்டுகிற தண்ணீரில் அவை கொழிக்கும். வேலை முடிந்ததற்கு அடையாளமாக இலை மேலேயும் கொஞ்சம் சுண்ணாம்பு படியும். ஆகவே குடிக்கிற ஆர்ஓ தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். உங்கள் குழாயில் வருவதற்கு ஏற்ற செடியை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அதற்கும் பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். வாலிஸ்நேரியா இருக்கும் தொட்டியில் திரவக் கார்பன் என்று விற்கும் பாட்டிலை மட்டும் ஊற்ற வேண்டாம், செடி கரைந்துபோகும். மே மாதத்தில் தண்ணீர் 31, 32 டிகிரி தொடும்போது பாசி மாதிரி படரும் மாஸ் வகை பழுக்கும். தொட்டிக்கு மேலே ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு டிகிரி இறங்கும்.

வாங்கிய செடியை அப்படியே தொட்டியில் போடாதீர்கள், நான் கொடுத்ததாக இருந்தாலும். நத்தை முட்டை இலையின் அடியில் ஜெல்லி மாதிரி ஒட்டியிருக்கும். வாரிங்டனுக்கு நத்தை நண்பன்தான். ஆனாலும் எத்தனை நத்தை என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும், அவை தீர்மானிக்கக்கூடாது. லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி படிகாரம் கரைத்து ஒரு நாள் ஊறவைத்து, நன்றாக அலசுகிறேன். முட்டை அதற்கும் தப்பிக்கும் என்பதால் இரண்டு வாரம் தனி வாளியில் வெளிச்சத்தில் வைத்திருந்து பிறகு சேர்க்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைத்துப் பத்து நிமிடம் முக்குவார்கள். கல்லுப்புக் கரைசலில் போடாதீர்கள், நத்தைக்கு முன் செடி போய்விடும்.

வெளியூருக்கு அனுப்புவதானால் கவரில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீரில் கிடந்து வெந்து அழுகுவதைவிட ஈரக் காற்றில் செடி நான்கு நாள் தாங்கும். நியூஸ்பேப்பரை நனைத்துப் பிழிந்து, செடியைச் சுற்றி, கவருக்குள் கொஞ்சம் காற்றோடு கட்டி அட்டைப்பெட்டியில் வையுங்கள். திங்கட்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் வேகும். செடியின் பெயரை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிப் போடுங்கள். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.

இரண்டாவது டம்ளர் டீ முடியும்போது தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னான். தொட்டியில் மிதந்த குட்டி இலைச் செடி ரொம்பப் பெருகிவிட்டதாம். ஒரு பாலிதீன் பை நிறைய அள்ளி, ஆபீஸ் போகிற வழியில் ஏரியில் விட்டுவிடலாம் என்று யோசிக்கிறானாம். பாவம், உயிரோடு இருக்கிறதே என்ற இரக்கம். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இப்படி வெளியே போன செடிகளின் கதையைச் சொன்னேன்.

1939இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் பாடம் நடத்தக் கொண்டுவந்த ஒரு மிதக்கும் பெரணிதான் சல்வீனியா. அது தப்பி, இலங்கையின் வயலையும் கால்வாயையும் மூடியது. கேரளத்தில் அதை ஆப்பிரிக்கன் பாயல் என்பார்கள். பிறந்தது என்னவோ பிரேசிலில். கேரளத்தில் தோணி போகவும் வழியில்லாமல் அடைத்தது. 1980களில் அதைத் தின்பதற்கென்றே ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. இதில் விசேஷம், அந்தச் செடி வளமான வித்து உண்டாக்காது. துண்டாக உடைந்து உடைந்தே இத்தனை நாட்டையும் பிடித்தது. நீங்கள் கத்தரிக்கோலால் செய்வதை அது தானே செய்துகொண்டது.

நம் பக்கத்துச் செடி வேறிடத்தில் செய்ததையும் சொல்ல வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டாம்பா நகரத்தில் மீன், செடி வியாபாரி ஒருவருக்குச் சிலோனிலிருந்து ஹைட்ரில்லா வந்தது. சரக்கு சரியில்லை என்று பின்னாலிருந்த கால்வாயில் கொட்டினார். சில மாதத்தில் அது கால்வாயில் செழித்துக் கிடந்தது. இன்று ஃபுளோரிடா மாநிலம் அதை ஒழிக்க ஆண்டுதோறும் மில்லியன் கணக்கில் டாலர் செலவழிக்கிறது. நம் குளத்தில் மீனும் பூச்சியும் மேய்ந்து அளவோடு வைத்திருக்கும் அதே செடி. ஆகாயத்தாமரைக்காக இலங்கையில் 1909இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். பூ அழகாக இருக்கிறது என்று கொண்டுவந்த செடிதான் அதுவும். நம் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கொடுக்க ஆள் கிடைக்காத மிச்சத்தை ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். சாக்கடையிலும் விடாதீர்கள், அதுவும் ஏதோ ஒரு நீர்நிலைக்குத்தான் போகிறது. மொட்டைமாடியில் பழைய சாக்கை விரித்து மெல்லிசாகப் பரப்புங்கள். நம் வெயிலுக்கு இரண்டு நாளில் அப்பளமாகக் காய்ந்துவிடும். அதை நொறுக்கிக் கறிவேப்பிலைத் தொட்டியில் போடுங்கள், மீன் கழிவைத் தின்று வளர்ந்த செடி, நல்ல உரம்.